செல்லுக்கு ஓர் இழை

என் மாமியார் எனக்கு அக்கா. கூடப்பிறந்த அக்கா. இதை எங்கள் பக்கத்தில் சொன்னால் யாரும் தலையைக்கூடத் தூக்க மாட்டார்கள். அக்கா மகளைக் கட்டியிருக்கிறான், அவ்வளவுதானே என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஆனால் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் மாடியில், வெள்ளைத் தாளில் சதுரமும் வட்டமுமாக எங்கள் குடும்பத்தை வரைந்துகொண்டிருந்த டாக்டரம்மா, நான் இதைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம். என் அக்காவுக்கு ஒரு வட்டம் போட்டாயிற்று. மாமியாருக்கு என்று தனியாக இன்னொரு வட்டமும் போட்டாயிற்று. இப்போது இரண்டும் ஒரே ஆள் என்றால் கோட்டை எங்கே இழுப்பது?

"அப்போ உங்க அம்மா, உங்க ஒய்ஃபுக்கு என்ன வேணும்?" என்றார். வடக்கே பிறந்து, இங்கே வேலைக்கு வந்து தமிழ் கற்றவர். நன்றாகவே பேசினார்.

"ஆயா. அவ அம்மாவோட அம்மா."

"உங்க பொண்ணுக்கு?"

"எங்க அம்மாதானே, அவளுக்கும் ஆயாதான். அவ அம்மாவுக்கும் ஆயாதான்."

"மாமா, கொஞ்சம் சும்மா இருங்க. அவங்கள கொழப்பாதீங்க" என்றாள் என் மனைவி. பிறந்ததிலிருந்து அவளுக்கு நான் மாமா. தாலி கட்டியபிறகு மட்டும் வேறு எதைச் சொல்லிக் கூப்பிடுவாள்?

டாக்டரம்மா புதிய தாள் எடுத்து முதலிலிருந்து வரைந்தார். எனக்கும் என் மனைவிக்கும் நடுவே இரண்டு கோடு போட்டார். எதற்கு இரண்டு என்று கேட்டேன். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்தவர்களுக்கு ரெட்டைக் கோடு போடுவது வழக்கம் என்றார். பிறகு என் அப்பா அம்மாவுக்கும் ரெட்டைக் கோடு விழுந்தது. அக்காவுக்கும் அத்தானுக்கும் விழுந்தது. தாள் முழுக்க ரயில் தண்டவாளம் மாதிரி ஆகிவிட்டது. எல்லாத் தண்டவாளமும் கீழே ஒரே ஒரு வட்டத்தில் வந்து நின்றது. அந்த வட்டத்தை மட்டும் டாக்டரம்மா பேனாவால் நிரப்பிக் கறுப்பாக்கினார். அது என் மகள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

என் மகளுக்கு இடது கையில் ஆறு விரல். இரண்டு காலிலும் ஆறாறு விரல். பிறந்த அன்றைக்கு நர்ஸ் அவளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டி, "ஒரு விரல் கூடுதலா இருக்கு, பயப்படாதீங்க, எடுத்துடலாம்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். பயமா? வார்டே திரும்பிப் பார்க்கும்படி அக்கா சத்தம் போட்டுச் சிரித்தாள்.

"எடுக்கறதா? எங்க வூட்டுக்கு மகாலட்சுமி வந்திருக்கா. அவ வெரலை வெட்டறதுக்கு எவனாவது கிட்ட வாங்கடா பாக்கலாம்!"

எங்கள் வகையறாவில் ஆறு விரல் என்றால் யோகம். என் அப்பாவின் சித்தப்பா ஒருவருக்கு அப்படி இருந்ததாம். அவர் காட்டிய இடத்தில் கிணறு வெட்டினால் தண்ணீர் வராமல் போனதில்லையாம். நல்ல கனத்த சரீரம், தாராளமாகச் சாப்பிடுவார், பிள்ளை குட்டி கிடையாது, பொழுது சாய்ந்தால் வாசற்படி தாண்ட மாட்டார் என்றெல்லாம் அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். பொழுது சாய்ந்தால் வெளியே போகாததை ஒழுக்கம் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே என் மகளின் ஆறாவது விரலுக்கு ஒரு சின்னத் தங்க வளையம் போடப்பட்டது. சொந்தத்தில் யார் வீட்டில் வண்டி எடுத்தாலும் சாவி முதலில் அவள் கைக்குத்தான் வரும். அவள் வாங்கி, அந்த விரலால் ஒருமுறை தொட்டு, திருப்பிக் கொடுத்தபிறகுதான் வண்டி நகரும். காலாப்பட்டில் பல்கலைக்கழகத்துக்கு எதிரே நான் ஜெராக்ஸ் கடை திறந்தபோது மெஷினின் பச்சைப் பட்டனை அமுக்கியது அந்த விரல்தான். முதல் தாள் கோணலாக வந்தது. அதையும் அக்கா நல்ல சகுனம் என்றே சொன்னாள்.

அவள் நன்றாக வளர்ந்தாள். வாய் அதிகம், படிப்பும் பரவாயில்லை. உடம்புதான் கொஞ்சம் பூசினாற்போல இருந்து, பிறகு கொஞ்சம் அல்ல என்று ஆனது. சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போதே அடுத்து என்ன என்று கேட்பாள். ஒரே பேத்தி, யார் இல்லை என்பார்கள்? அதோடு சாயங்காலமானால் எதிலாவது இடித்துக்கொள்வாள். நாற்காலி, கிரைண்டர், தெருவில் நிற்கிற சைக்கிள் எல்லாம் அவள் முழங்காலுக்கென்றே காத்திருக்கும். கண்ணாடி போட்டுவிட்டோம். வீட்டில் பல்பை மாற்றினோம். மாலைக்கண்ணாக இருக்கும் என்று அக்கா முருங்கைக்கீரையும் கேரட்டுமாக ஊட்டித் தள்ளினாள். பிள்ளையின் உள்ளங்கை மஞ்சளானதுதான் மிச்சம்.

பள்ளி ஆண்டு விழாவில் நிகழ்ச்சிகளை அவள்தான் தொகுத்து வழங்கினாள். மேடை வெளிச்சத்தில் அத்தனை பேரையும் பார்த்துப் பயமில்லாமல் பேசினாள். நான் நாற்காலியில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். பேசி முடித்து, வெளிச்சம் படாத பக்கப் படியில் இறங்கும்போது, அங்கே படி இருப்பதே தெரியாதவள்போல நேராகக் காலை வைத்து விழுந்தாள். மோவாயில் தையல் போட்டார்கள். தையல் போட்டவர்தான் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்.

கண் டாக்டர் அவள் மோவாயை மெஷினில் வைக்கச் சொன்னார். அவள் இரண்டு பக்கக் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டாள். அவர் கண்ணைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி கண்ணைப் பார்த்தார், பிறகு நெடுநேரம் கையையே பார்த்தார்.

"செருப்பைக் கழட்டும்மா" என்றார்.

அவள் கழற்றினாள். கால் விரல்களை எண்ணினார். சின்ன வயதிலிருந்தே உடம்பு இப்படித்தானா, சாப்பாடு அடிக்கடி கேட்பாளா, சிறுநீர் அதிகம் போகிறாளா என்று வரிசையாகக் கேட்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், நாங்க கண்ணுக்கு வந்திருக்கோம்."

"கண்ணுக்குத்தான் பாக்கறேன்" என்றார் அவர், தலையைத் தூக்காமலே.

அங்கிருந்துதான் எங்களை அந்த டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் பண்ணினார்கள், போகச் சொன்னார்கள். ரிப்போர்ட் வந்ததும் எங்கள் இரண்டு பேரை மட்டும் கூப்பிட்டார்கள். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நோய்க்கு இரண்டு டாக்டர்களின் பெயரைச் சேர்த்துப் பெயர் வைத்திருந்தார்கள். அதில் ஒன்று பிரெஞ்சுப் பெயர். எங்கள் ஊரில் பாதித் தெருவுக்கு அந்த மாதிரிப் பெயர்தான், பலகையில் பார்த்துக்கொண்டே போவோம், வாய் விட்டுச் சொன்னதில்லை. இதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

"நம்ம உடம்புல கிட்டத்தட்ட எல்லா செல்லுக்கும் ஒரு சின்ன முடி மாதிரி இருக்கும் சார். ஒரு செல்லுக்கு ஒண்ணுதான். சிலியம்னு சொல்வோம். தமிழ்ல குறு இழை" என்றார் டாக்டரம்மா. "உங்க பொண்ணுக்கு அது சரியா வேலை செய்யல."

முடியா? எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். முடி வேலை செய்யாததற்கா இத்தனை பரிசோதனை? தலையில் முடி போனவன் நானே உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவர் அடுத்துச் சொன்னதில் சிரிப்பு நின்றுவிட்டது. கண், பசி, சிறுநீரகம், விரல் எல்லாம் அந்த ஒரே இழையின் கோளாறுதானாம். சிறுநீரகம் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, வருஷா வருஷம் பார்க்க வேண்டும். உடம்பு எடையை இப்போதே கவனிக்க வேண்டும். கண்தான்.

"கண்ணுக்கு என்னா?" என்றாள் என் மனைவி.

"முதல்ல இருட்டுல தெரியாது. அது ஆரம்பிச்சாச்சு. அப்புறம் ஓரத்துப் பார்வை குறையும். கடைசியில நடுவுல இருக்கறதும் குறையலாம்."

"எப்போ?"

"சொல்ல முடியாதும்மா. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி."

"மருந்து?"

அவர் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம். கண்ணுக்கும் விரலுக்கும் என்ன சம்பந்தம், பசிக்கும் இருட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது வாய்விட்டே கேட்டேன். மூலக்குளம் திருப்பத்தில் எங்கள் தெருவை விட்டுவிட்டு நேராகப் போய், வில்லியனூர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவியும் தெருவைத் தாண்டிவிட்டோம் என்று சொல்லவில்லை.

எனக்கு விளக்கம் வேண்டியிருந்தது. விளக்கம் கிடைத்தால் கண் வந்துவிடும் என்பதுபோல ஒரு வெறி. என் கடைக்கு வருகிறவர்களெல்லாம் படித்தவர்கள். தீசிஸ் என்று தடித்தடியாக அச்செடுத்து, அட்டை போட்டு, தங்க எழுத்து வைத்துக் கொண்டுபோகிறவர்கள். அதில் மீன் குஞ்சுகளை வைத்து ஆராய்ச்சி பண்ணுகிற ஒரு பெண் உண்டு. ஒவ்வொரு தடவையும் அச்செடுத்தபிறகுதான் தப்பைக் கண்டுபிடிப்பாள். அவள் வந்த ஒரு மத்தியானம், "ஏம்மா, செல்லுல இழைன்றாங்களே, அது தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன்.

"சிலியாவா? தெரியும்ணா. ஏன்?"

ஏன் என்று சொன்னேன். அவள் கையிலிருந்த தாள்களை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு, பக்கத்து இளநீர்க் கடைக்குப் போய்ப் பிடி நிறைய ஸ்ட்ரா வாங்கி வந்தாள். ஸ்ட்ராக்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, அந்த ஜோடிகளை வட்டமாக நிறுத்தி, மேலே ரப்பர் பேண்ட் போட்டாள். மொத்தம் ஒன்பது ஜோடி.

"இதாண்ணா உள்ளுக்குள்ள இருக்கற சட்டம். அடியில ஒரு கட்டை மாதிரி இருக்கும், அதுலேர்ந்து மொளைச்சு வரும். மேல செல்லோட தோல் அப்படியே உறை மாதிரி மூடியிருக்கும். நடுவுல பாருங்க, காலி."

"காலியா இருந்தா தப்பில்ல?"

"இல்லண்ணா. மூச்சுக்குழாய்ல இருக்கற சிலியாவுக்கு நடுவுல இன்னும் ரெண்டு குழாய் இருக்கும். அது அலையடிச்சு சளியைத் தள்ளும். இது அப்படி அலையடிக்காது. சும்மா நீட்டிக்கிட்டு நிக்கும். வெளியில என்ன நடக்குதுன்னு பாத்து உள்ள சொல்லும்."

சும்மா நிற்பதுதான் வேலையா என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படித்தவர்களே அப்படித்தான் ரொம்ப நாள் நினைத்தார்களாம். எதற்கும் உதவாத மிச்சம் மீதி என்று அதை ஒதுக்கி வைத்திருந்தார்களாம். எனக்கு இதில் ஒரு அற்ப ஆறுதல் கிடைத்தது. நாங்கள் விரலை அதிர்ஷ்டம் என்று கொண்டாடினோம், அவர்கள் இழையைக் குப்பை என்று விட்டார்கள். இரண்டு தரப்புக்கும் கண் எதிரில்தான் இருந்திருக்கிறது.

பிறகு அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சிறுநீரகத்துக் குழாயில் நீர் ஓடினால் இழை வளையும், அதை வைத்துச் செல்லுக்கு ஓட்டம் தெரியும். மூளையில் "போதும்" என்று சொல்கிற இடத்துச் செல்லும் இந்த இழை மூலமாகத்தான் சேதி கேட்கும். கேட்காவிட்டால் பசி அடங்காது. வயிற்றுக்குள் பிள்ளைக்குக் கை முளைக்கும்போது எது கட்டை விரல் பக்கம், எத்தனை விரல், எங்கே நிறுத்த வேண்டும் என்ற சேதி வருவதும் இதன் வழியாகத்தான். நிறுத்து என்று சொன்னது சரியாகக் கேட்காததால் இன்னொரு விரல்.

"கண்ணு?"

"கண்ணுல வெளிச்சத்தைப் பிடிக்கற செல்லு இருக்குல்லண்ணா, அதோட நுனியே இந்த சிலியம்தான். நல்லாப் பெருத்து, தட்டு தட்டா அடுக்கி வெச்ச மாதிரி இருக்கும். ஆனா இந்த இழைக்குள்ள எதையும் தயாரிக்க முடியாது. வேணுங்கறதெல்லாம் கீழ தயாராகி, நடுவுல இருக்கற குறுகலான கழுத்து வழியா மேல போகணும். வேணாததைத் திரும்பக் கீழ கொண்டுவரணும். அதுக்குன்னே சுமக்கற புரோட்டீன்லாம் இருக்கு. அதுல எட்டு சேர்ந்து ஒரு கூட்டம். எட்டும் கை கொடுத்தாத்தான் தூக்க முடியும்."

"என் பொண்ணுக்கு அதுல ஒண்ணு இல்ல."

"ஒண்ணு கோணலா இருக்குன்னு சொல்லலாம்ணா. அதனால போகக்கூடாதது போய்ச் சேந்துக்கும், கொஞ்சம் கொஞ்சமா அந்த செல்லு செத்துடும். மங்கல்ல பாக்கற செல்லுதான் மொதல்ல."

அவள் ஸ்ட்ராக் கட்டைக் கீழே வைத்தாள். பிறகு அச்செடுக்க வந்ததை மறந்துவிட்டுப் போய், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். எனக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. ஆனால் முன்னைவிடக் குழப்பம் அதிகமாகிவிட்டது. தெரியாதபோது ஒரு பயம்தான் இருந்தது. இப்போது உடம்பில் எத்தனை கோடி செல்லோ அத்தனை பயம்.

அன்றைக்கு வீட்டில் மனைவிக்கு எனக்குத் தெரிந்த மொழியில் சொல்லிப் பார்த்தேன். "நம்ம மெஷின்ல பேப்பர் ஜாம் ஆவும்ல? உள்ள இழுக்கும், வெளிய தள்ளாது. அந்த மாதிரிதான்."

"என் பொண்ணு என்னா ஜெராக்ஸ் மெஷினா?" என்று கரண்டியோடு திரும்பினாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "ஜாம் ஆனா நீங்க தொறந்து எடுப்பீங்கல்ல மாமா? அந்த மாதிரி எதுவும் இல்லியாமா?" என்று கேட்டாள். ஆராய்ச்சி நடக்கிறதாம் என்றேன். நடக்கட்டும் என்றாள்.

அக்காவிடம் சொல்வதுதான் பெரிய பாடு. எல்லோருக்கும் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி உண்டு, அதில் ஒன்று நன்றாக இருந்தாலும் போதும், என்னிடமும் உன் மகளிடமும் அதே பிரதி ஒன்று கெட்டுப்போய் இருந்திருக்கிறது, ஒரே வீட்டிலிருந்து வந்ததால் இரண்டு கெட்டதும் பிள்ளைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் பொண்ணு குடுத்தது தப்புன்றியா?"

"தப்புன்னு யாரு சொன்னா?"

"நாலு தலைமொறையா குடுத்து எடுத்துக்கினுதான் இருக்கோம். யாருக்கு கண்ணு போச்சு?"

அப்பாவின் சித்தப்பாவைச் சொன்னேன். கனத்த சரீரம், தீராத பசி, ஆறு விரல், பிள்ளையில்லை, பொழுது சாய்ந்தால் வாசற்படி தாண்டமாட்டார். அக்காவின் முகம் மாறியது. அந்த மனிதர் எங்கள் குடும்பத்துக் குலசாமி மாதிரி. அவர் கிணற்றுக்கு இடம் காட்டியது உண்மையா பொய்யா, எனக்குத் தெரியாது. சாயங்காலத்தில் அவருக்கு வாசற்படி தெரிந்திருக்காது என்பது மட்டும் இப்போது தெரியும். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள், காபி கொடுக்கவில்லை.

எனக்கும் அவள் மேல் கோபம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கோபத்தைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தால் அது என் கல்யாணத்தில் போய் முட்டுகிறது. அந்தக் கல்யாணம் நடந்திருக்கக்கூடாது என்று ஆரம்பித்தால் என் மனைவி யார், என் மகள் எங்கே? ரெட்டைக் கோட்டில் எதை அழிப்பது? யோசித்து யோசித்து, கடைசியில் தலைவலி மாத்திரை போட்டுக்கொள்வேன்.

அதற்குப் பிறகு என் மைத்துனன், அதாவது அக்காவின் மகன், புது பைக் எடுத்தான். பிள்ளையார் கோயில் வாசலில் மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து எல்லோரும் நின்றோம். நல்ல வெயில். சாவி அக்காவின் கையில் இருந்தது. என் மகள் வழக்கம்போல முன்னால் வந்து இடது கையை நீட்டினாள். அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். ஆறாவது விரலில் வளையம் மின்னியது.

"மொதல்ல சாமிகிட்ட வெச்சு எடுத்தாந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு அக்கா கோயிலுக்குள் போனாள். திரும்பி வந்து சாவியை நேராக மகனிடம் கொடுத்தாள். என் மகளின் கை இன்னும் பாதி நீட்டியபடிதான் இருந்தது. அவள் அதை அப்படியே மேலே கொண்டுபோய்த் தலைக் கிளிப்பைச் சரிசெய்கிற மாதிரிச் சரிசெய்தாள். அக்காவும் பார்த்தாள், நானும் பார்த்தேன். அக்காவின் கண் கலங்கிவிட்டது. என் உடம்பெல்லாம் எரிந்தது. அதிர்ஷ்டம் என்று பதின்மூன்று வருஷம் தலையில் தூக்கிவைத்ததும் நாம்தான், இப்போது தொட விடாததும் நாம்தான். பிள்ளை என்ன செய்தாள்?

வீட்டுக்கு வந்து தோசை தின்னும்போது அவள் அம்மாவிடம் கேட்டாள். "என் வெரலுக்கு என்னாம்மா ஆச்சு? ஆயா ஏன் சாவி தர்ல?"

பரீட்சை முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நாங்கள் பேசிவைத்திருந்தோம். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இழையைச் சொன்னாள், விரலைச் சொன்னாள், கண்ணைச் சொன்னாள். நான் கதவருகில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போகவும் தெரியவில்லை, வெளியே போகவும் தெரியவில்லை.

"முழுசா பூடுமா?" என்று கேட்டாள் மகள்.

"டாக்டருக்கே தெர்ல கண்ணு."

அவள் கொஞ்ச நேரம் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இன்னொரு தோசை தர்றியா?" என்றாள்.

மனைவி என்னைப் பார்த்தாள். தோசையைக் கேட்பது என் மகளா, அந்த இழையா? எடையைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இப்படி ஒரு சேதி கேட்ட எந்தப் பிள்ளைதான் ஏதாவது சூடாகத் தின்னக் கேட்காது? முன்பெல்லாம் அவள் எதைச் செய்தாலும் அது அவள்தான். இப்போது ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, பிரிக்கவும் தெரியவில்லை. மனைவி அடுப்பை மறுபடி பற்றவைத்துத் தோசை ஊற்றினாள். எண்ணெய் விடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். அன்றைக்கு அவள் நல்ல மனநிலையில் இருந்தாள். பூக்கடை வரிசையைத் தாண்டி மீன் பக்கம் போகும் வழியில், மேலே தார்ப்பாய் கட்டி, பட்டப்பகலிலும் இருட்டாக இருக்கும். கூடைக்காரர்கள் வழி வழி என்று கத்திக்கொண்டே இடித்துப்போவார்கள். அவள் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே இருட்டினால் அவள் அப்படித்தான். கடற்கரைக்குப் போனால் திரும்பி வரும்போது என் சட்டை நுனி அவள் கையில் இருக்கும். வயதுக்கு வந்த பெண், இன்னும் அப்பன் சட்டையை விடமாட்டேன் என்கிறாள் பார் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. அப்பா செல்லம் என்று நானே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு வழி தெரியவில்லை என்பது ரிப்போர்ட் வந்தபிறகுதான் உறைத்தது. அதிலிருந்து அவள் சட்டையைப் பிடிக்கும்போதெல்லாம் நான் நடையைக் குறைத்துக்கொள்வேன்.

சங்கரா மீன் வாங்கிக்கொண்டு வெளியே தெருவுக்கு வந்தோம். உச்சி வெயில். தார் ரோட்டைப் பார்த்தால் கண் கூசியது. எதிரே ஆட்டோக்கள், பஸ்ஸுக்குப் போகிற கூட்டம், எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. வண்டி நிறுத்திய இடம்வரை நடந்தோம். பாதி வழியில்தான் கவனித்தேன், அவள் இன்னும் என் சட்டையை விடவில்லை.

இவ்வளவு வெயிலில் எதற்குப் பிடித்திருக்கிறாள்? பகலிலும் ஆரம்பித்துவிட்டதா? ஓரப் பார்வை போய்விட்டதா? டாக்டரம்மா ஒன்றும் இவ்வளவு சீக்கிரம் என்று சொல்லவில்லையே? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். நின்றேன். எதிர்ச் சாரியில், எங்களுக்குப் பக்கவாட்டில், ஒரு கடையின் பலகை இருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல், ஏதோ யதேச்சையாகக் கேட்கிற மாதிரி, "அந்தக் கடையில என்னா போட்டிருக்கு, படி பாக்கலாம்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். கடைப் பெயர், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் என்னென்ன கிடைக்கும் என்பது, அதற்கும் கீழே ஞாயிறு விடுமுறை என்பது வரை, ஒன்றுவிடாமல் படித்தாள். எனக்கே கடைசி வரி தெரியவில்லை.

"கண்ணு தெரியுதாப்பா?" என்றேன். சந்தோஷத்தில் குரல் என்னமோபோல வந்தது.

"தெரியுதுப்பா. சும்மாதான் பிடிச்சிருந்தேன்" என்றாள்.

சொல்லிவிட்டு என் சட்டையை விட்டாள். மீன் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள், யார் மேலும் இடிக்காமல், நேராக. நான் பின்னாலேயே போனேன். கையைப் பின்னால் விட்டுத் தொட்டுப் பார்த்தேன், சட்டை லேசாகக் கசங்கியிருந்தது. பிடித்துக்கோ என்று அவளைக் கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டால் அவளுக்குத் தெரியவில்லை என்று நான் நினைப்பதாக அவள் நினைப்பாள். கூப்பிடாமலே வண்டிவரை நடந்தேன்.